நியூட்டன் பிறந்த நாள் எது? பழைய தேதிகளைத் திருத்தலாமா, கூடாதா?

கேள்வி இதுதான்: "ஐசக் நியூட்டன் பிறந்த நாள் ஒரு புத்தகத்தில் 1642 டிசம்பர் 25, இன்னொன்றில் 1643 ஜனவரி 4. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் ஓரிடத்தில் 1746 செப்டம்பர் 10, வேறோரிடத்தில் செப்டம்பர் 21. 1752-ல் இங்கிலாந்தில் 11 நாட்களை நீக்கிவிட்டார்களாமே, அதனால்தானா? அப்படியென்றால் அதற்கு முந்தைய தேதிகளுக்கெல்லாம் 11 கூட்டித் திருத்த வேண்டுமா? காலவரிசை அட்டவணை ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன்."

நீங்கள் சொன்ன நான்கு தேதிகளும் சரியானவைதான். எதையும் திருத்த வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 11 கூட்டினால்தான் அட்டவணை கெட்டுப்போகும்.

நாள் வேறு, அதற்கு நாம் போடும் தேதி வேறு. ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பேர் இருப்பதில்லையா, அந்த மாதிரி. 1752-ல் யாருடைய ஆயுளிலிருந்தும் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் மறுநாள் வியாழக்கிழமை எழுந்தார்கள். அந்த வியாழனுக்கு 3 என்று போடாமல் 14 என்று போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த மாற்றம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலத்தில் நடந்தது. போதாக்குறைக்கு, வருடம் எந்த நாளில் பிறக்கிறது என்பதும் நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. குழப்பம் முழுக்க இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். கி.மு. 46-ல் ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனஸ் என்ற வானியலாளரின் யோசனையைக் கேட்டு ரோமானிய நாட்காட்டியைச் சீர்படுத்தினார். அதுவரை பருவத்தோடு ஒட்டாமல் எங்கேயோ போயிருந்த கணக்கை இழுத்துக் கட்ட, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 445 நாள். அடுத்த வருடத்திலிருந்து 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். இதுதான் ஜூலியன் நாட்காட்டி. இதில் வருடத்தின் சராசரி 365.25 நாள். பருவங்கள் ஒரு சுற்று வர ஆகும் காலமோ சுமார் 365.2422 நாள். வருடத்துக்குப் பதினொரு நிமிடச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் 128 வருடத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

ஒரு மனிதனின் ஆயுளில் இது யாருக்கும் உறைக்காது. திருச்சபைக்கு உறைத்தது, காரணம் ஈஸ்டர். மார்ச் 21-லோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 21 என்பது கி.பி. 325-ல் கிறிஸ்தவ ஆயர்களின் நைசியா சங்கம் கூடிய காலத்து நிலவரம். 16-ஆம் நூற்றாண்டுக்குள் அந்த நாள் மார்ச் 11-க்கு வந்து நின்றது. இப்படியே போனால் ஈஸ்டர் மெல்ல மெல்லக் கோடைக்குப் போய்விடும்.

தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர் இதற்கு வழி கண்டார். 1576-ல் இறந்துவிட்டதால், திட்டம் நடைமுறைக்கு வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஜெசுயிட் பாதிரியாரான கிறிஸ்டோபர் கிளாவியஸ் அதை விளக்கி, எதிர்ப்புகளுக்குப் பதில் எழுதி நிலைநிறுத்தினார். போப் 13-ஆம் கிரிகோரி ஆணையிட்டார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. பத்து தேதிகள் போயின. இனிமேல் கணக்கு நகராமலிருக்க ஒரு விதியும் சேர்த்தார்கள்: 00-ல் முடியும் வருடம் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் வருடம். 1600-ம் 2000-ம் லீப். 1700, 1800, 1900 இல்லை. ஜூலியன் முறையில் 400 வருடத்துக்கு 100 லீப் நாட்கள் என்றால் இதில் 97. இதுதான் கிரிகோரியன் நாட்காட்டி, அதாவது புதிய முறை; ஜூலியன் பழைய முறை.

அவிலா நகரத்துப் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அக்டோபர் 4-க்கும் 15-க்கும் நடுவிலிருந்த ஒரே ஒரு இரவு. இன்றும் அவருடைய திருநாள் அக்டோபர் 15.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலிய அரசுகளில் பெரும்பாலானவை சொன்ன நாளிலேயே மாறின. பிரான்ஸ் அதே வருடம் டிசம்பரில் மாறியது. சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடுகளோ, போப் சொல்லி நாங்கள் கேட்பதா என்று நின்றுவிட்டன. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறிஸ்தவர் என இரு பிரிவினரும் கலந்து வாழ்ந்தார்கள். நாட்காட்டிச் சண்டை 1584-ல் தெருவுக்கே வந்துவிட்டது. ஜெர்மனியின் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பகுதிகளும் டென்மார்க்கும் 1700-ல்தான் மாறின. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752, ரஷ்யா 1918, கிரீஸ் 1923.

சுவீடன் செய்தது தனிக் கூத்து. பத்துப் பதினொரு நாளை ஒரேயடியாக வெட்டுவானேன், 1700-லிருந்து 1740 வரை வரும் லீப் நாட்களை மட்டும் விட்டுவிட்டால் வலிக்காமல் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று யோசித்தார்கள். 1700-ல் விட்டார்கள். பிறகு ரஷ்யாவோடு போர். 1704-லும் 1708-லும் லீப் நாளை விட மறந்துபோனார்கள். ஆக சுவீடனின் தேதி ஜூலியனோடும் ஒட்டவில்லை, கிரிகோரியனோடும் ஒட்டவில்லை. கடைசியில் மன்னர் 12-ஆம் சார்லஸ் பழைய கணக்குக்கே திரும்பலாம் என்றார். விட்ட ஒரு நாளைத் திருப்பிச் சேர்க்க 1712-ல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தார்கள். அந்த மன்னர் தோற்றோடிய பொல்டாவா போர் ரஷ்ய ஆவணத்தில் 1709 ஜூன் 27, சுவீடன் ஆவணத்தில் ஜூன் 28, மற்ற ஐரோப்பாவில் ஜூலை 8. ஒரே நாள், ஒரே களம், மூன்று தேதி. சுவீடன் ஒழுங்காகப் புதிய முறைக்கு வந்தது 1753-ல்.

இனி 11 என்ற எண்ணுக்கு வருவோம். இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நிலையானதல்ல. 1582-லிருந்து 1700 பிப்ரவரி வரை 10 நாள். அந்த பிப்ரவரியில் ஜூலியனில் 29 உண்டு, கிரிகோரியனில் இல்லை. அதிலிருந்து 1800 பிப்ரவரி வரை 11. அதே மாதிரி 1900 பிப்ரவரி வரை 12. அப்புறம் 13, அது 2100 வரை நிற்கும். நியூட்டன் பிறந்தது 1642 என்பதால் 10 கூட்டவேண்டும்: டிசம்பர் 25 ஜனவரி 4 ஆகிறது. ரஷ்யப் புரட்சி 1917 என்பதால் 13 கூட்டவேண்டும்: அக்டோபர் 25 நவம்பர் 7 ஆகிறது. அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடிய விந்தை இப்படி வந்ததுதான். அந்த வருடத்து பிப்ரவரிப் புரட்சி, பெத்ரோகிராதில் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்ததில் தொடங்கியது. ரஷ்யத் தேதி பிப்ரவரி 23, மற்ற நாடுகளில் மார்ச் 8, மகளிர் தினம். லெனின் அரசு 1918 ஜனவரி 31-க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்தது. ரஷ்யத் திருச்சபை மட்டும் மாறவில்லை. அவர்களுடைய டிசம்பர் 25 இன்று நமக்கு ஜனவரி 7.

ஒருவர் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. ஆரஞ்சு வம்சத்து வில்லியம், ஆங்கில அரியணையைப் பிடிக்க 1688 நவம்பர் 11-ல் ஹாலந்திலிருந்து கப்பலேறினார். நவம்பர் 5-ல் இங்கிலாந்தில் கரையிறங்கினார். முதல் தேதி டச்சுக் கணக்கு, இரண்டாவது ஆங்கிலக் கணக்கு. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று புத்தக தினத்துக்குப் புத்தக தினம் கேட்கிறோம். இருவருக்கும் சொல்லப்படுவது 1616 ஏப்ரல் 23 என்ற தேதிதான், நாள் ஒன்றல்ல. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிசுக்கு ஏப்ரல் 23 என்பது அடக்கம் நடந்த நாள். உயிர் பிரிந்தது 22-ல்.

இதெல்லாம் சுவாரசியம்தான். ஆனால் அட்டவணை போடுகிறவரை உண்மையில் கவிழ்க்கக்கூடியது இந்தப் பத்துப் பதினொரு நாள் இல்லை. வருடப் பிறப்பு. இதில் தவறினால் ஒரு முழு வருடம் போய்விடும்.

1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல், மங்கள வார்த்தை திருநாளன்று. 1700 டிசம்பர் 31-க்கு மறுநாள் 1700 ஜனவரி 1. அப்படியே 1700 மார்ச் 24 வரை போய், அதற்கு மறுநாள்தான் 1701. ஆக 1700 பிப்ரவரியில் எழுதிய கடிதம் 1700 அக்டோபரில் எழுதிய கடிதத்துக்குப் பிந்தையது! ஆவணங்களைத் தேதி பார்த்து அடுக்குகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வந்து உட்காரும். முதலாம் சார்லஸ் மன்னரின் மரண தண்டனை ஆணையில் இருக்கும் தேதி 1648 ஜனவரி 29. இன்றைய புத்தகங்களில் அவர் தலை வெட்டப்பட்டது 1649 ஜனவரி 30. நடுவில் ஒரே ஒரு நாள்தான்.

நியூட்டனுக்கே திரும்புவோம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய கல்லறையில் இறந்த நாள் 1726 மார்ச் 20 என்று பொறித்திருக்கிறது. புத்தகங்கள் 1727 என்கின்றன. மார்ச் 25-க்கு ஐந்து நாள் முன்னால் இறந்ததால் அப்போதைய கணக்கில் இன்னும் 1726 முடியவில்லை. முழுக்கப் புதிய முறைக்கு மாற்றினால் 1727 மார்ச் 31. கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார் என்று பாடப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்ட வாசகமும் இதே ரகம். கலிலியோவின் 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய கணக்கு; நியூட்டனின் 1642 டிசம்பர் 25 ஆங்கிலப் பழைய கணக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் வருடம் ஒட்டாது. அழகான வாசகம் என்பதால் யாரும் விட மனம் வைப்பதில்லை.

வருடப் பிறப்பு விஷயத்தில் ஒவ்வொரு ஊரும் ஒரு விதம். வெனிஸ் நகரத்தில் மார்ச் 1, பிளாரன்ஸில் மார்ச் 25. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு வந்துவிட்டது. பக்கத்து இங்கிலாந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், நாட்காட்டியைத் திருத்திய போப்பின் ஆணையிலேயே 1581 பிப்ரவரி 24 என்றுதான் தேதி இருக்கிறது. அந்த ஆணையில் வருடம் மார்ச் 25 கணக்கில் போடப்பட்டது. நம் கணக்கில் அது 1582.

அந்தக் காலத்து ஆங்கில எழுத்தர்களுக்கும் இது தொல்லைதான். அதனால் ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் இடைப்பட்ட தேதிகளில் 1731/32 என்று இரண்டு வருடங்களையும் சாய்கோடு போட்டு எழுதினார்கள். கோடு இருந்தால் பிழைத்தோம். இல்லாமல் வெறும் 1731 என்றிருந்தால்தான் தலைவலி. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, வருடமும் மாறியது. பிரிட்டனின் சட்டம் இந்த இரண்டையும் சேர்த்தே சரிசெய்தது. அதனால் இங்கிலாந்தின் 1751-க்கு மார்ச் 25 முதல் டிசம்பர் 31 வரை 282 நாள்தான் ஆயுள். பழைய மார்ச் 25-ஐ 11 நாள் தள்ளினால் ஏப்ரல் 5. பிரிட்டனில் வருமான வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 5-ல் முடிந்து 6-ல் தொடங்குவது அந்தப் பழைய வருடப் பிறப்பின் மிச்சம்.

"எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று இங்கிலாந்தில் மக்கள் கலகம் செய்தார்கள் என்று படித்திருப்பீர்கள். அப்படியொரு கலகம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஓவியர் ஹோகார்த் 1755-ல் தீட்டிய தேர்தல் கேலிச் சித்திரத்தில் தரையில் கிடக்கும் ஒரு பதாகையில் அந்தக் கோஷம் இருக்கிறது; அங்கிருந்து அது வரலாறாகிவிட்டது. வாடகை, கடன் தவணை, மேஜராகும் வயது எதுவும் முன்கூட்டி வராது, உண்மையான நாட்கள் முடிந்தால்தான் செல்லும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். உண்மையில் ரகளை நடந்தது முன்னால் சொன்ன ஆக்ஸ்பர்கில்.

சரி, சென்னை. 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கடற்படையோடு வந்து சென்னப்பட்டணத்தை முற்றுகையிட்டார். கோட்டை சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இங்கிலாந்து இன்னும் பழைய முறையில். பிரான்ஸ் 1582-லேயே மாறிவிட்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடற்கரையோரம் சில நாள் நடைதான். தேதியில் 11 நாள் இடைவெளி. ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தது புதுச்சேரியில். 1736 செப்டம்பரில் தொடங்கும் அவருடைய நாட்குறிப்பில் வரும் ஐரோப்பியத் தேதிகள் பிரெஞ்சுக் கணக்கு, அதாவது புதிய முறை. கோட்டைப் பதிவுகளோ பழைய முறை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் இதை மறந்தால், சென்னையில் நடக்காத ஒன்று புதுச்சேரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலவோ, செய்தி வந்துசேர இரண்டு வாரம் ஆனது போலவோ தோன்றும். சென்னை தினமாகக் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22-ம் ஆங்கிலேயர் போட்ட பழைய தேதிதான். கறாராக மாற்றினால் செப்டம்பர் 1. மாற்றவேண்டும் என்று சொல்லவில்லை, தெரிந்திருந்தால் போதும்.

எந்த முறைத் தேதி என்று ஆவணத்தில் எழுதியில்லாதபோது கிழமையைப் பாருங்கள். ஏழு நாள் சுழற்சியில் எந்தப் போப்பும் எந்தப் பாராளுமன்றமும் கைவைக்கவில்லை. 1582-லும் வியாழனுக்குப் பின் வெள்ளி. 1752-லும் புதனுக்குப் பின் வியாழன். சென்னை சரணடைந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலியனில் 1746 செப்டம்பர் 10 புதன்கிழமை. கிரிகோரியனில் செப்டம்பர் 21-ம் புதன்கிழமை. ஒரே நாள் என்பதால் ஒரே கிழமை. ஆனால் கிரிகோரியனில் செப்டம்பர் 10 என்பது சனிக்கிழமை. ஆகவே ஒரு கடிதத்தில் "செப்டம்பர் 10, புதன்" என்று இருந்தால் எழுதியவர் பழைய முறைக்காரர். "செப்டம்பர் 10, சனி" என்றால் புதிய முறைக்காரர். வேறு ஆதாரமே வேண்டாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, நம்பகமான சோதனை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை: அலாஸ்கா. 1867-ல் ரஷ்யா அதை அமெரிக்காவுக்கு விற்றபோது நாட்காட்டியும் மாறியது, சர்வதேசத் தேதிக் கோட்டின் எந்தப் பக்கம் என்ற கணக்கும் மாறியது. அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18, மறுபடியும் வெள்ளிக்கிழமை.

ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் வருடம், மாதம், தேதியையும் கூடவே எழுதினார். சென்னை விழுந்தது அட்சய வருடம் புரட்டாசியில். இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. புரட்டாசி முதல் தேதி செப்டம்பர் 17 என்று இன்றைய பஞ்சாங்கத்தைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டுத் தேதியை மாற்றினால் நான்கு நாள்போலப் பிசகும். நம் சூரிய மாதம் சூரியன் ராசியில் புகுவதை வைத்து நட்சத்திரங்களைப் பின்னணியாகக் கொண்டு கணக்கிடப்படுவது. அந்த வருடம் பருவ வருடத்தைவிடச் சற்று நீளம். 60, 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நம் மாதப் பிறப்புகள் ஆங்கிலத் தேதியில் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பொங்கல் என்றைக்கும் ஜனவரி 14, 15-ல்தான் வந்தது என்று நினைக்க வேண்டாம். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று. அன்றைய தேதி 1863 ஜனவரி 12. மேக்நாத் சாஹா தலைமையில் 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்த நகர்வைத்தான் நிறுத்தப் பார்த்தது. 1957 மார்ச் 22 முதல் அரசு அதன் சக ஆண்டுக் கணக்கை ஏற்றது. கோயில்களும் வீடுகளும் பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை.

1582-க்கு முந்தையவை? அவற்றை மாற்றவே வேண்டாம். கொலம்பஸ் கரை கண்டது 1492 அக்டோபர் 12. அது ஜூலியன் தேதி, உலகம் முழுவதும் அப்படியே விட்டுவிட்டார்கள். நம் கல்வெட்டுத் தேதிகளை ஆங்கிலத் தேதியாக்கும்போதும் 1582-க்கு முந்தையவற்றை ஜூலியனில் தருவதே வழக்கம். அந்தக் கல்வெட்டுகளைப் படிப்பது தனிக் கலை. பெரும்பாலும் சக ஆண்டோ கலி ஆண்டோ இருக்காது. மன்னனின் ஆட்சியாண்டு இத்தனையாவது என்று மட்டும் இருக்கும். கூடவே "மகர நாயற்று அபர பக்ஷத்து ஏகாதசியும் திங்கட்கிழமையும் பெற்ற அனுஷத்து நாள்" என்கிற மாதிரி ஒரு வாய்பாடு வரும். சூரிய மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஐந்தும் ஒரே நாளில் கூடிவருவது அபூர்வம். அந்த மன்னன் இருந்திருக்கக்கூடிய காலத்துக்குள் எந்தெந்த வருடத்தில் அப்படி ஒரு நாள் வருகிறது என்று தேடினால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அதே மன்னனின் வேறு கல்வெட்டுகளோடு ஒப்பிட்டால் பட்டத்துக்கு வந்த வருடமே கிடைத்துவிடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்தத் தேடலுக்கான அட்டவணைகளைப் போட்டுக்கொடுத்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை சட்டமன்றத்தின் தலைவராக இருந்தவர். 1922-ல் வந்த அவருடைய எபிமெரிஸ் (நாள்வாரிப் பஞ்சாங்க அட்டவணை) தொகுதிகள் கல்வெட்டுத் துறையில் பல தலைமுறைக்குக் கைப்புத்தகம்.

ரொம்பப் பழைய காலத்துக்குப் போனால் கிரகணம்தான் துணை. அசீரியர்கள் வருடத்துக்கு ஒரு அதிகாரியின் பெயரிட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் ஒரு வருடத்தில் சூரிய கிரகணம் என்று குறிப்பு. கணக்குப் போட்டால் அது கி.மு. 763 ஜூன் 15. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணி அந்தப் பட்டியலின் மற்ற வருடங்களை நிலைநாட்டிவிட்டார்கள். இப்படிக் கணிக்கும் வானியலாளர்களின் நூல்களில் கி.மு. 763 என்பது -762 என்றிருக்கும்; வரலாற்றுக் கணக்கில் கி.மு. 1-க்கு மறு வருடம் கி.பி. 1, நடுவில் பூஜ்யம் கிடையாது. வானியல் கணக்கில் பூஜ்யம் உண்டு. கி.மு. தேதி ஏதாவது சேர்த்தால் இதை நினைவில் வையுங்கள். சீசர் இறந்த பிறகு ரோமானியப் பூசாரிகள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்பதை மூன்றுக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொண்டு லீப் நாட்களைத் தாறுமாறாகச் சேர்த்தார்கள். அகஸ்டஸ் பின்னால் சரிசெய்தார் என்றாலும், அந்தச் சில பத்தாண்டுகளின் தேதிகளை நாள் சுத்தமாக மாற்ற முயலாதீர்கள்.

இப்போது உங்கள் அட்டவணை. 1582-க்கு முந்தையவற்றை அப்படியே ஜூலியனில் விடுங்கள். அதற்குப் பிந்தையவற்றை அந்தந்த நாட்டு ஆவணத்தில் உள்ளபடி போட்டு, பக்கத்தில் புதிய முறைத் தேதியைத் தாருங்கள்; வரிசைப்படுத்துவது புதிய முறைத் தேதியை வைத்து. வருடத்தை மட்டும் எப்போதும் ஜனவரி 1 கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நூலிலிருந்து தேதி எடுக்கும்போது, அந்த ஆசிரியர் ஏற்கெனவே மாற்றிவிட்டாரா என்று முன்னுரையில் பாருங்கள். மாற்றிய தேதியை இன்னொரு முறை மாற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

கம்ப்யூட்டரை இதில் ரொம்ப நம்ப முடியாது. லினக்ஸில் மாதக் காலண்டர் காட்டும் கட்டளைக்கு 9 1752 என்று கொடுத்தால் 1, 2, 14, 15 என்று ஒழுங்காகக் காட்டும். ஆனால் அது பிரிட்டனுக்கு மட்டும் பொருந்தும். பல தரவுத்தளங்கள் கிரிகோரியன் விதியையே ஆதிகாலம் வரை பின்னோக்கி நீட்டும். 1582 அக்டோபர் 10 என்று கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். எக்செல் 1900-க்கு முந்தைய எதையும் தேதியாகவே ஏற்காது. 1900-ல் இல்லாத பிப்ரவரி 29-ஐ மட்டும் இருப்பதாகச் சாதிக்கும். அதனால் வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வெறும் எண்ணாகப் போடுங்கள். நான்காவது கட்டத்தில் எந்த நாட்காட்டி என்றும், ஐந்தாவதில் மூல ஆவணம் கிழமை சொல்லியிருந்தால் அந்தக் கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள்.